வரத்துவாரி இல்லாத ரேட்டிங்

2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியன் ஆன பிறகு, சதுரங்கப் பலகையே இல்லாத வீடுகளிலும் ஃபிடே ரேட்டிங் என்ற சொல் புழங்கத் தொடங்கிவிட்டது. மாதத்தின் முதல் தேதியில் வெளியாகும் பட்டியல் நாளிதழ்ச் செய்தியாகிறது. பள்ளி வாசலில் வைக்கும் பிளெக்ஸில் பிள்ளையின் படத்துக்குக் கீழே பத்தாம் வகுப்பு மதிப்பெண் போல ரேட்டிங் அச்சாகிறது. இந்த மோகத்தோடு ஒரு வாதமும் சேர்ந்தே வருகிறது: எண்ணுக்குச் சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது, ஊர் தெரியாது, அறந்தாங்கிப் பிள்ளையும் அண்ணாநகர்ப் பிள்ளையும் அதற்கு ஒன்றுதான், ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். சாதியும் சிபாரிசும் அதற்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஊர் நன்றாகவே தெரியும்.

ரேட்டிங்கின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோ வகுத்த இந்தக் கணக்கை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பு எந்தப் போட்டிக்கு யாரை அழைப்பது என்பதில் நிர்வாகிகளின் ஞாபகத்துக்கும் நட்புக்கும் பெரிய பங்கு இருந்தது. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கணக்கும் எளிமையானது. இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் என்றால் வலியவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுக்க வேண்டும். கூடுதலாக எடுத்தால் ரேட்டிங் ஏறும், குறைந்தால் இறங்கும். ஒரே வட்டத்துக்குள் அடிக்கடி மோதிக்கொள்பவர்களை வரிசைப்படுத்த இது நல்ல கருவி. ஆனால் புதுக்கோட்டையும் சென்னையும் ஐரோப்பாவும் ஒரே வட்டம்தானா?

ரேட்டிங் யாருடைய ஆட்டத்தையும் நேராக அளப்பதில்லை. மோதிய இருவருக்கிடையே புள்ளிகளைக் கைமாற்றுகிறது, அவ்வளவே. புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியில் இரண்டு சிறுமிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 1450. ஓராண்டுப் பயிற்சியில் இருவருடைய ஆட்டமும் உண்மையில் 1700 அளவுக்கு உயர்ந்துவிட்டது. இருவரும் மோதினால், ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு நகரலாம் என்பதைத் தீர்மானிக்கும் கே எண் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 40 என்பதால், வென்றவளுக்கு 20 கூடும், தோற்றவளுக்கு 20 குறையும். பத்து முறை மோதினாலும் நூறு முறை மோதினாலும் இருவரின் கூட்டுத்தொகை 2900தான். இரண்டு பேரை இருபது பேராக்கினாலும், கீரனூரையும் பொன்னமராவதியையும் கந்தர்வகோட்டையையும் சேர்த்துக்கொண்டாலும் இதே கதைதான். மாவட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றாக முன்னேறினால், பட்டியலில் அது முன்னேற்றமாகவே தெரியாது. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க மெனக்கெட வேண்டியதில்லை: வரத்துவாரி அடைபட்ட கண்மாயில் மடைகளை எப்படித் திறந்து மூடினாலும் நீர்மட்டம் உயராது. புள்ளி வெளியிலிருந்துதான் வர வேண்டும். வெளி என்றால் சென்னை, கோவை, டெல்லி; கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தேவையான ‘நார்ம்’ தகுதி வேண்டும் என்றால் செர்பியா, ஹங்கேரி, ஸ்பெயின்.

இது ஃபிடேக்குத் தெரியாத ரகசியமல்ல. 1980களில் பெண்கள் பெரும்பாலும் பெண்களோடு மட்டுமே ஆடிவந்தார்கள். அதனால் அவர்களுடைய ரேட்டிங் ஆண்களுடையதோடு ஒப்பிடத் தக்கதாக இல்லை என்று முடிவுகட்டி, 1987 ஜனவரிப் பட்டியலில் பெண்களுக்கு ஒரே வீச்சில் 100 புள்ளி கூட்டினார்கள். ஆண்களோடு ஆடியே ரேட்டிங் சேர்த்திருந்தார் என்ற காரணத்தால் சூசன் போல்கருக்கு மட்டும் கூட்டவில்லை. பெண்கள் பட்டியலில் அவருடைய முதலிடம் பறிபோனது. அது நியாயமா என்பது தனி வழக்கு. தனித்த வட்டத்தின் எண்ணை வெளி வட்டத்தின் எண்ணோடு ஒப்பிட முடியாது என்பதை ஃபிடேயே எழுத்தில் ஒப்புக்கொண்ட நிகழ்வு அது. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சிறையிலிருந்த கிளாட் பிளட்குட், சக கைதிகளோடு ஓயாமல் ஆடியே 1996இல் அந்த நாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறினார். மதில் சுவருக்குள் எண் பொங்கவும் செய்யும், வற்றவும் செய்யும். நம் மாவட்டங்களில் நடப்பது வற்றல்.

வற்றல் எவ்வளவு ஆழம் என்பதை 2024 மார்ச்சில் ஃபிடேயின் சொந்தத் திருத்தமே காட்டியது. 2000க்குக் கீழே இருந்த எல்லோருக்கும், 2000க்கு எத்தனை புள்ளி குறைவோ அதில் 40 விழுக்காட்டைச் சும்மா கூட்டிக் கொடுத்தார்கள். 1000த்தில் இருந்தவர் ஓர் இரவில் 1400 ஆனார். 1500இல் இருந்தவர் 1700 ஆனார். யாரும் ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை. ஓர் அளவுகோல் ஒரே நாளில் 400 அலகு தள்ளிப்போகிறது என்றால், அதற்கு முந்திய நாள்வரை அதை வைத்து எடுத்த முடிவுகளின் கதி என்ன? திருத்தம் சரியானதே. ஆனால் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து கொட்டியாயிற்று, வாரி அடைபட்டபடியே கிடக்கிறது. அடுத்த பத்தாண்டில் மறுபடி வற்றும், மறுபடி கொட்டுவார்கள்.

இதற்கு ரேட்டிங் ஆதரவாளர்கள் சொல்லும் வலுவான பதில் கே எண். சிறுவர்களுக்கு 40, பெரியவர்களுக்கு 20 என்று வைத்திருப்பதே வளரும் பிள்ளை வேகமாக ஏறத்தான் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஏற ஒரு பெரியவர் எதிரே உட்கார வேண்டும். அதே 1450 சிறுமி, 1700 உள்ள பெரியவர் ஒருவரோடு ஆடட்டும். இருவர் ஆட்டமும் உண்மையில் சமம் என்பதால் பாதிப் பாதியாகப் புள்ளி பிரிகிறது. கணக்கின்படி பெரியவர் 81 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். ஆகவே சராசரியாக ஓர் ஆட்டத்துக்குச் சிறுமிக்கு 12 புள்ளி கூடுகிறது, பெரியவருக்கு 6 புள்ளி போகிறது. ஒரு வாரக் கடைசியில் இப்படி ஐந்து பிள்ளைகளைச் சந்தித்தால் அவருக்கு 30 புள்ளி காலி; அவர் ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. இரண்டு போட்டி இப்படிப் போனால் மூன்றாவதற்கு அவர் வருவாரா? ரேட்டிங்கைக் காப்பாற்றிக்கொள்ள ஆடாமலே இருப்பது இன்று சதுரங்கத்தில் ஒரு தனிக் கலை. பெரியவர்கள் ஒதுங்க ஒதுங்க, சிற்றூர்ப் போட்டிகள் பிள்ளைகள் பிள்ளைகளோடே மோதும் இடமாகின்றன. கே எண் தருவதாகச் சொன்ன மருந்து, மருந்து கொடுப்பவரையே விரட்டுகிறது. புதிதாக ரேட்டிங் பெறுபவர்களின் கணக்கில், 1800 ரேட்டிங் உள்ள இரண்டு எதிராளிகளோடு டிரா செய்ததாகப் பாவித்துச் சேர்த்துக்கொள்ளும் விதியும் 2024இல் வந்தது. புதுக்கோட்டைக்கு ஃபிடே அனுப்பிவைத்த 1800காரர்கள் இந்தக் கற்பனை ஆட்கள் இருவர் மட்டுமே.

1600க்குக் கீழே உள்ளவர்களுக்கென்று நம் நாட்டில் நடக்கும் பரிசுப் போட்டிகள் இன்னொரு கோணலைச் சேர்க்கின்றன. 1590இல் இருப்பவருக்குப் பரிசுப் பணம், 1610இல் இருப்பவருக்கு வேடிக்கை பார்க்கும் உரிமை. ஏறாமலிருப்பதில் ஒருவருக்கு லாபம் வந்துவிட்டால், அந்த எண் அவருடைய திறமையைச் சொல்கிறதா, சாமர்த்தியத்தைச் சொல்கிறதா? இதைப் பற்றி இவ்வளவு போதும்.

பக்கத்து ஊர்க் காரைக்குடியிலிருந்து பிரணேஷ் வந்தாரே, தஞ்சாவூரிலிருந்து கார்த்திகேயன் முரளி வந்தாரே, திறமை இருந்தால் எண் தானாக வராதா என்று கேட்பார்கள். வந்தார்கள், பெருமைதான். பிரணேஷ் இந்தியாவின் 79ஆவது கிராண்ட்மாஸ்டராக ஆனது 2023 ஜனவரியில், ஸ்டாக்ஹோமில் நடந்த ரில்டன் கோப்பையில். காரைக்குடியில் இருந்தபடி காரைக்குடிக்காரர்களோடு ஆடி அந்தப் பட்டத்தை வாங்க விதியே இடம்கொடுக்காது: நார்ம் போட்டிகளில் வெளிநாட்டு எதிராளிகளும் பட்டம் பெற்ற எதிராளிகளும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். கரையேறியவரைக் காட்டி ஆற்றில் ஆழமில்லை என்று சொல்வது சான்றாகாது. குறுவட்ட அளவிலும் வருவாய் மாவட்ட அளவிலும் பள்ளிப் போட்டிகளில் ஜெயித்துவிட்டு, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நின்ற பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த வெற்றிகள் பொதுவாக ரேட்டிங் கணக்கில் சேர்வதே இல்லை.

வற்றல் எவ்வளவு பேரை ஏமாற்றும் என்பதற்கு 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடையே பார்க்கலாம். ரேட்டிங் வரிசைப்படி முதல் அணி அமெரிக்கா, இரண்டாவது இந்தியாவின் ‘ஏ’ அணி. தங்கம் வாங்கியது பதினான்காவதாக மதிப்பிடப்பட்ட உஸ்பெகிஸ்தான். வெள்ளி, பன்னிரண்டாவதான ஆர்மீனியா. வெண்கலம், பதினொன்றாவதான இந்திய ‘பி’ அணி. 2684 ரேட்டிங்கோடு வந்த குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பதினோரு சுற்றில் எதுவும் நடக்கலாம் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் தங்கம் வாங்கியதும் வெண்கலம் வாங்கியதும் இளைஞர்களும் சிறுவர்களும் நிறைந்த அணிகள்; அவர்களுடைய எண் அவர்களுடைய வளர்ச்சிக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தது. உலகமெங்கும் பயணம் செய்யும் பிள்ளைகளுக்கே எண் பிந்துகிறது என்றால், திருச்சிக்கு அப்பால் போகாத பிள்ளைக்கு எவ்வளவு பிந்தும்?

உச்சியில் இருப்பவர்களுக்கோ இந்த எண் எவ்வளவு வளைந்துகொடுக்கிறது! 2022இல், உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு ஆட்ட எண்ணிக்கை போதாமல் நின்ற டிங் லிரெனுக்காகச் சீனச் சதுரங்கச் சங்கம் சில வாரங்களில் ஆட்டங்களை அடுக்கிக் கொடுத்தது. 2023 டிசம்பரில் அலிரேசா ஃபிரூஜாவுக்காகப் பிரான்சின் ஷார்த்தர் நகரில் அவசரமாகப் பந்தயங்கள் ஏற்பாடாயின. அவற்றை ஃபிடே ஏற்க மறுத்ததும் அவர் ரூவான் நகர ஓப்பனுக்குப் போய் ஏழுக்கு ஏழு எடுத்து உள்ளே நுழைந்தார். 2025இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா, கேண்டிடேட்ஸுக்கான 40 ஆட்டம் என்ற நிபந்தனைக்காக லூசியானா, அயோவா மாநிலப் போட்டிகளில் அமெச்சூர்களோடு ஆடினார். யாரும் விதியை மீறவில்லை. எண்ணுக்குத் தேவையான எதிராளிகளை அவர்களால் தேடிப்போக முடிகிறது, அல்லது வரவழைக்க முடிகிறது. ஆலங்குடிச் சிறுமிக்கு இரண்டும் இல்லை. ஆக ரேட்டிங் என்பது ஆட்டத்திறனும் எதிராளி கிடைக்கும் வசதியும் கலந்த எண். கீழே போகப் போக முதலாவது குறைந்து இரண்டாவது மிகுகிறது. 1500 வட்டாரத்தில் அதைத் தரவரிசை என்று அழைப்பதே மிகை. அது பயணச் சீட்டுகளின் கணக்கு.

ஹார்வர்டில் இருக்கும் மார்க் கிளிக்மன் வகுத்த முறையில் ஒவ்வொரு ரேட்டிங்கோடும் அதன் நம்பகமின்மையும் ஓர் எண்ணாக வருகிறது. ஆஸ்திரேலியா அதைப் பின்பற்றுகிறது. இணையத்தில் ஆடுபவர்களுக்கும் அது பழக்கமானது. ஃபிடே பட்டியலில் இன்றுவரை அப்படி ஒரு பத்தி இல்லை. இருந்தாலும் தனித்த வட்டத்தின் நோய் அதனால் முழுதாகத் தீராது, ஆட்கள் கலந்தால்தான் தீரும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குப் பயணச் செலவு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, அதே பணத்தில் 1900, 2000 ரேட்டிங் உள்ள பெரியவர்கள் இருபது பேருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் மதிப்பூதியமும் கொடுத்துப் புதுக்கோட்டைக்கு ஆண்டுக்கு நான்கு முறை வரவழைத்து, உள்ளூர்ப் பிள்ளைகளோடு ரேட்டிங் ஆட்டங்கள் ஆடவைக்கலாம். அவர்களுக்குப் புள்ளி போகும். போகட்டும், மதிப்பூதியம் அதற்குத்தான். அது நடக்கும்வரை மாவட்டத்துக்குள் பயிற்சிக்கோ அணிக்கோ உதவித்தொகைக்கோ பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் ஃபிடே எண்ணுக்கு இடம் தரக் கூடாது, இருவர் சமமாக நிற்கும்போது ஒருவரை முன்னிறுத்தும் கடைசி விதியாகக்கூட.