செய்தி சென்றது, செயல் எங்கே?
மின்தடை அறிக்கை பற்றி ஒரு திறனாய்வு

தருமபுரி மாவட்டச் சாலைகளில் செல்லும்போது உயர் அழுத்த மின் கோபுரங்களைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் உச்சியில் ஓடும் மெல்லிய கம்பி மின்னலைத் தாங்குவதற்காக அமைந்தது. பல தடங்களில் அக்கம்பிக்குள் கண்ணாடி இழைகளும் உள்ளன. துணைமின் நிலையத்தின் அளவீடுகள் சென்னையிலுள்ள மாநில மின்பளு அனுப்புகை மையத்தையும், பெங்களூரிலுள்ள தென்மண்டல மையத்தையும் அடைவது இத்தகைய வழிகளில்தான். மின்கம்பியிலேயே உயர் அதிர்வெண் அலையை ஏற்றிச் செய்தி அனுப்பும் பழைய முறையும் உண்டு. மின்தொகுப்பு உடல் என்றால் இவை அதன் நரம்புகள்.

நரம்புகள் இருந்தும் உடல் விழுவது எப்படி? இதை அறிய, 2012 ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழு அறிக்கையைப் படிக்க வேண்டும். அவ்வாண்டு ஜூலை 30 அன்று அதிகாலை 2.33 மணிக்கு வடமண்டலத் தொகுப்பு வீழ்ந்தது. மறுநாள் பிற்பகல் 1 மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் வீழ்ந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது!

அறிக்கையின் சிறப்பு, காரணத்தைப் படிப்படியாக விளக்குவது. பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடத்தில் பழுது ஏதும் இல்லை. பளு மிகுந்து, மின்னழுத்தம் தாழ்ந்தது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்க்கும் காப்பு ரிலே, அதைத் தொலைவிலுள்ள பழுது என்று கொண்டு தடத்தைத் துண்டித்தது. தன் இடத்து அளவை மட்டும் அறிந்த கருவி, தொகுப்பு முழுவதன் நிலையை எவ்வாறு அறியும்?

ஆனால் மற்றொரு காரணத்தை அறிக்கை போதிய அழுத்தத்துடன் ஆராயவில்லை. மின் எடுப்பைக் குறைக்குமாறு மண்டல மையங்கள் அறிவுறுத்தின. மாநில மையங்களின் செயல் போதுமானதாக இல்லை என்று அறிக்கையே கூறுகிறது. அதாவது செய்தி போய்ச் சேர்ந்தது, பளு குறையவில்லை. கண்ணாடி இழைத் தொடர்பை வலுப்படுத்துக, நேரம் ஒத்திசைந்த அளவிகளைப் பெருக்குக என்னும் பரிந்துரைகள் நல்லவையே. எனினும் கட்டளையைக் கேளாத செவிக்கு எத்தனை இழைகள் இழுத்து என்ன பயன்? கட்டளைக்கும் செயலுக்கும் இடையே எத்தனை நிமிடம் கழிந்தது, ஏன் கழிந்தது என்பதைத் தனி அத்தியாயமாக எழுதியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது பிறர் கதை அன்று. அன்று தென்மண்டலம் தப்பியது, மற்ற மண்டலங்களுடன் நேர்மின் இணைப்புகளால் மட்டும் பிணைந்திருந்ததால். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயங்கியதும், நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் துடிக்கும் தொகுப்பாயிற்று. 'சேலம் புதிய' என்றும் 'தருமபுரி' என்றும் குறிக்கப்படும் 765 கிலோவோல்ட் நிலையமும் அதன் அங்கமே. இணைப்பால் உதவி கிடைக்கும். அதே வழியில் துன்பமும் வரும்.

மாணவர்களே, பாடநூலில் மின்நிலையம், மின்மாற்றி, வீடு என மூன்றைக் கோடிட்டு இணைத்துப் படம் வரைகிறீர்கள். அப்படத்தில் எதிர்த்திசையில் இன்னும் இரு கோடுகள் சேருங்கள்: அளவீடு மையத்துக்குச் செல்லும் கோடு ஒன்று, கட்டளை திரும்பி வரும் கோடு ஒன்று. பின்னர் அக்கட்டளையை நிறைவேற்றும் மனிதரையும் வரையுங்கள். அறிக்கை அவரைத்தான் படத்தின் ஓரத்தில் விட்டுவிட்டது.