தொலைவும் இழப்பும்: எலிசபெத் பிஷப்பின் கவிதைகள்

கவிஞரின் துயரமே கவிதையின் ஊற்று எனக் கொள்ளும் விமர்சனம், அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப்பிடம் (1911–1979) வந்ததும் தடுமாறுகின்றது. எட்டு மாதக் குழந்தையாயிருக்கையில் தந்தையை இழந்தவர் அவர். 1916இல் மனநோய் மருத்துவமனை சென்ற தாயைப் பின்னர் அவர் கண்டதேயில்லை. எனினும் முதல் தொகுதியான 'வடக்கும் தெற்கும்' (1946) இவற்றை நேரடியாகப் பேசுவதில்லை.

1951இன் இறுதியிற் பிறேசிலை அடைந்து, லோட்டா டி மசெடோ சோரஸ் என்பாரோடு வாழத் தொடங்கிய பின்னரே, கனடாவில் அவர் வளர்ந்த நோவா ஸ்கோஷியக் கிராமம் எழுத்தில் முழுமையாக உயிர்பெற்றது. தாயின் அலறலை மையமாகக் கொண்ட 'கிராமத்தில்' என்னும் உரைநடைக் கதை 1953இல் வெளிவந்தது. 'பயணம் பற்றிய வினாக்கள்' (1965) என்ற தொகுதி 'பிறேசில்', 'வேறிடம்' என இரு பகுதிகளாய் அமைய, அக்கதை அவற்றினிடையே வைக்கப்பட்டமை நோக்கற்பாலது. பிறேசிலின் மலையையும் மழையையும் அந்நியர் கண்கொண்டு நுணுகி நோக்கப் பழகியவரே, பிள்ளைப் பருவ வீட்டையும் அவ்வாறு நோக்கலானார். ஊர்நினைவுக் கவிதைகள் மலிந்த நம் சூழலில் இது சிந்திக்கத்தக்கது.

1967இல் லோட்டா மறைந்தார். அப்போதும் பிஷப் ஒப்பாரிக்கு இறங்கவில்லை. நண்பர் றொபேட் லோவெல், தாம் பிரிந்த மனைவியின் கடிதங்களைக் கவிதைகளிற் கையாண்டபோது, 1972இல் அதனைக் கண்டித்து எழுதியவரும் அவரே. இவ்வடக்கத்தை உணர்ச்சி வறட்சி என்பாருமுளர். அது பொருந்தாது. 'ஒரு கலை' (1976), இரு அடிகள் மீண்டும் மீண்டும் வரவேண்டிய 'வில்லனெல்' என்னும் 19 அடி யாப்பில் அமைந்தது. இழப்புகள் திறப்பிலிருந்து கண்டம்வரை பெருகியும் குரல் பதறுவதில்லை. ஈற்றடியில் மட்டும் அது தடுக்குகின்றது. எழுதுமாறு தனக்குத்தானே கட்டளையிட வேண்டியதாகின்றது.