நெடுந்தகட்டின் மடிப்பு

எட்டடி நீளமுள்ள அலுமினியத் தகடொன்றை முனைக்கு முனை ஒரே நேர்கோட்டில், ஒரே கோணத்தில் மடித்தெடுப்பது, பார்வைக்கு அற்பமான காரியமாகத் தோன்றினாலும், உலோகத்தை ஆளும் கலைகளுள் பெரும் பிரயாசையைக் கோருவது என்பது என் திடமான அபிப்பிராயம். கடற்காற்று இரும்புத் தகரத்தை விரைவில் அரித்துவிடும் சென்னையின் பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கங்களில், கூரை விளிம்பின் மழைநீர்த் தூம்புக்கும் சாய்ப்பின் ஓரப்பட்டைக்கும் அலுமினியத்தையே கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. ஆலையில் செய்த பெரிய பெண்டிங் மிஷினை வாங்க வசதியில்லாத சிறு பட்டறைக்காரரோ, பழைய இரும்புக் கடையில் ஆங்கிளும் சேனலும் தேடியெடுத்து, தம் கையாலேயே ஒன்றைக் கட்டிக்கொள்கிறார். அதற்கு அங்கங்கள் மூன்றே: தகடு படுக்கும் மேடை, அதை மேலிருந்து இறுக்கிப் பிடிக்கும் சட்டம், கீலில் சுழன்று தகட்டைத் தூக்கி மடிக்கும் இலை. கீலின் மையக்கோடு மேடையின் விளிம்போடு இம்மியும் விலகாமல் ஒன்றுபட்டிருக்க வேண்டும். விலகினால் இலை எழும்போதே தகட்டைத் தேய்த்துக்கொண்டு ஏறி, அதன் பளபளப்பைக் கீறிவிடும்.

எனினும் இத்தகைய சாதனம் எதைக் கண்டாலும் நான் முதலில் நோக்குவது அதன் நடுவைத்தான். இரு முனைகளிலும் போல்ட் போட்டு இறுக்கிய சட்டம் நடுவில் மேல்நோக்கி எழும்பிவிடுவதும், அதனால் மடிப்பு முனைகளில் கூர்மையாகவும் நடுவில் தளர்ந்தும் விழுவதுமே இக்கலைக்குப் பரம சத்ரு. ஓரடிக்கு விழும் பாரம் மாறாதிருக்க நீளத்தை மட்டும் இரட்டித்தால், நடுவின் வளைவு 16 மடங்காகிறது என்பது பொறியியல் சித்தாந்தம். ஆகையால் நான்கடித் தகட்டுக்குப் போதுமாயிருந்த ஆங்கிள், எட்டடித் தகட்டின் முன் நாணலாய்த் துவண்டுவிடுகிறது. வெறுமனே கனத்தைக் கூட்டுவதைவிட ஆழத்தைக் கூட்டுவதே பரிகாரம்: ஆழம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. இதை அனுபவத்தால் உணர்ந்த கைகள், சட்டத்தின் முதுகில் நடுவே ஒரு குட்டைக் கால் நிறுத்தி, அதன்மேல் முனைக்கு முனை கம்பி பூட்டி, நட்டைத் திருகித் திருகிச் சட்டத்தை முன்கூட்டியே கீழ்நோக்கிச் சற்றே வளைத்துவைக்கின்றன. முனைகளை இறுக்கியதும் அவ்வளைவு நிமிர்ந்து, பிடி நீளம் முழுதும் சமமாகப் பரவுகிறது. பாரம் வருமுன்பே அதை எதிர்பார்த்து நிற்கும் அந்தச் சிறு வளைவில்தான் கட்டியவருடைய மேதை இருக்கிறது. வெல்டிங்கிலும் அதே நிதானம் வேண்டும். ஒரே இழுப்பில் ஓட்டினால் ஆங்கிள் சூட்டில் முறுக்கிக்கொள்ளுமாதலால், இங்கொரு பொட்டும் அங்கொரு பொட்டுமாக ஆறவிட்டு வைப்பார்கள்.

அலுமினியத்தின் ஸ்வபாவமும் தனி. மீள்தன்மைக் கணக்கில் அதன் விறைப்பு எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே என்பதால், 90 பாகைக்கு மடித்த தகடு, இலையை இறக்கியதும் சில பாகை மீண்டு நிற்கும். எவ்வளவு மிகுத்து மடிக்கவேண்டும் என்பதை அதே தகட்டின் துண்டொன்றில் சோதித்தே அறியவேண்டும். மிருதுவான சுத்த அலுமினியம் எப்படியும் வளைந்துகொடுக்கும். 6061-டி6 போன்ற கடினக் கலவையோ, கூர்விளிம்பில் மடித்தால் வெளிப்புறம் வெடித்துவிடும், ஆதலால் பிடிக்கும் சட்டத்தின் மூக்கை உருட்டி மழுக்கியே தீரவேண்டும். நீண்ட பாகங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: உருளைகளில் ஓடிவந்த தகட்டின் இழை பெரும்பாலும் நீளவாக்கிலேயே இருப்பதால், நெடிய மடிப்பு இழையோடு இணையாக விழுகிறது, விரிசல் எளிதில் காண்பது அத்திசையில்தான். தேர்ந்தவர்கள் மடிப்புக் கோட்டை ஆணியால் கீறாமல் மார்க்கர் பேனாவால் இழுப்பது, கீறலிலிருந்தே விரிசல் தொடங்கும் என்பதை அறிந்தே.

இவ்வேலையின் உயர்ந்த பிரயோகத்தை விமானத்தில் காணலாம். குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-இல் நிறுவிய எம்.ஐ.டி. எனும் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் காட்சிக்கு நின்ற பழைய விமானங்கள் இரண்டு தம்மைக் கவர்ந்ததை, அங்கே பயின்ற அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சிறிய உலோக விமானங்களின் இறக்கைக்குள் ஓடும் உத்தரங்களிலும் விலாச் சட்டங்களிலும் மடித்த தகடே மிகுதி. மேல்நாடுகளில் வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுகிறவர்கள் பலர், இத்தகைய மடிப்புச் சாதனத்தையும் தாமே செய்துகொள்கிறார்கள்.

நம் ஐ.டி.ஐ.களில் தகட்டு வேலை பயிலும் பிள்ளைகளுக்கு, ஆயத்தமாக நிற்கும் மிஷினைக் காட்டுவதற்கு முன், ஆங்கிளும் கீலும் கொடுத்து எட்டடிக்கு ஒன்றைக் கட்டச் சொல்லவேண்டும் என்பது என் வேண்டுகோள். தாம் கட்டிய சட்டம் நடுவில் எழும்புவதைப் பிரத்யட்சமாகப் பார்த்தவர்களுக்கு, உத்தரங்களின் கணக்கைப் பிறகு சொல்லிக்கொடுப்பது சுலபம்.