பிளவக்கல்லுக்கு மேலே ஒரு வட்டம்

கூமாப்பட்டியில் வெயில் ஏறியதும் பிளவக்கல் அணைப் பக்கம் அண்ணாந்து பாருங்கள். மலைப்பாறையும் உழுதுபோட்ட தரிசும் சூடேற, அனல்காற்று தூண் போல மேலெழும். ஈரமான நெல்வயலுக்கு மேல் அவ்வளவு எழாது. அந்தத் தூண் அகப்பட்டுவிட்டால் கரும்பருந்து இறக்கை அடிப்பதே இல்லை. பிளவுபட்ட வால் மட்டும் லேசாகத் திரும்பும். விரல்களாக விரிந்த நுனிச்சிறகுகள் காற்றில் வளையும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளியாகிவிடும்.

எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரின் போட்டியிலும் இதே வித்தைதான். இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துப்போய், சுமார் 2,000 அடி உயரத்தில் விட்டுவிடும். அப்புறம் காற்றுதான் துணை. குறித்த இடங்களைச் சுற்றி விரைந்து திரும்புகிறவருக்கு வெற்றி. நல்ல கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 40 கிலோமீட்டர் வழுக்கிப் போகும். இங்கே ஏறினால் ராஜபாளையத்தையே தாண்டிவிடலாம். பருந்து வட்டமிடும் இடம் பார்த்து விமானிகள் அங்கே திரும்புவதுண்டு. இத்தனை கருவிகள் இருந்தும் பறவையிடம் வழி கேட்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

கருடனும் பருந்து இனம்தான். ஆண்டாள் பிறந்த இந்தச் சீமையில் அதைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அடுத்த முறை கும்பிட்டதோடு நகர்ந்துவிடாதீர்கள். இறக்கை அடிக்காமல் எத்தனை வட்டம் போடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.