பேரிங்கின் மேல் விழும் பழி

மலைச் சைக்கிளின் சக்கர பேரிங் ஒரே மழைக்காலத்தில் கரகரக்கத் தொடங்கினால் பேரிங் மட்டமானது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அடுத்த முறை உயர்ந்த ஏபெக் துல்லிய எண், முடிந்தால் செராமிக் என்று செலவு ஏறுகிறது. கணக்கு இந்த முடிவை ஏற்கவில்லை.

ஹப்களில் பரவலாக உள்ள 6902 பேரிங்கின் இயக்கச் சுமைத்திறன் சுமார் 4.3 கிலோநியூட்டன். அதன்மேல் 500 நியூட்டன் சுமை விழுந்தால், களைப்பால் உலோகம் உதிர்வதற்கு முன் அது 60 கோடிச் சுற்றுகளுக்கு மேல் தாங்கும். 29 அங்குலச் சக்கரத்துக்கு அது 14 லட்சம் கிலோமீட்டர். பாறையில் குதித்து இறங்குவதற்காகச் சுமையை மும்மடங்காக்கினாலும் 50 ஆயிரம் கிலோமீட்டர் மிஞ்சும். ஆக, ஓராண்டில் போன பேரிங் ஓடித் தேய்ந்ததல்ல.

முதல் காரணம் தண்ணீர். ரப்பர் சீல் தூசியையும் தெறிக்கும் சேற்றையும் தடுக்கும். பிரஷர் வாஷரின் தாரையைத் தடுக்காது. ஆலையில் பேரிங்கின் உள்ளிடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கிரீஸ் வைக்கிறார்கள்; மீதி காற்று. நீண்ட இறக்கத்தில் சூடான ஹப்பின் மேல் குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி ஈரத்தை உறிஞ்சும்.

இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படாதது, எனக்கு முக்கியமானதும் அதுதான். இரு பேரிங்குகளின் உள்வளையங்களுக்கு நடுவே ஒரு குழாய் இருக்கிறது. ஹப்பில் வெளிவளையங்கள் அமரும் இடைவெளியைவிட அது இம்மியளவு குட்டையாக இருந்தாலும், அச்சை முறுக்கும்போது உள்வளையங்கள் பக்கவாட்டில் நெரிபடும். இந்த அளவு பேரிங்கில் வழக்கமான உள்ளிடைவெளி வெறும் 3 முதல் 18 மைக்ரான். ஹப்பின் துளை இறுக்கமாக இருந்தால் அதுவும் கரைந்துவிடும். பிறகு குண்டுகள் பள்ளத்தின் நடுவில் ஓடாமல் விளிம்பை ஒட்டி ஓடுகின்றன.

சோதிப்பது எளிது. கையில் பிடித்துச் சுற்றும்போது வழுக்கிச் சுழலும் சக்கரம், சட்டத்தில் மாட்டி அச்சை முறுக்கியதும் இறுகினால் கோளாறு ஹப்பில். கழற்றிய பேரிங்கைப் பிரித்தாலும் தெரியும்: செந்நிறக் குழம்பு தண்ணீரைக் காட்டும், பள்ளத்தின் ஒரு பக்கமாக ஒதுங்கிய தடம் பக்கச்சுமையைக் காட்டும், சம இடைவெளியில் குழிகள் இருந்தால், பொருத்தும்போது தவறான வளையத்தில் தட்டியிருக்கிறார்கள்.

1976இல் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே ரீபேக் பந்தயத்தில் இறங்கியவர்கள் பெடலைப் பின்னால் மிதித்து நிறுத்தும் கோஸ்டர் பிரேக் ஹப்பின் கிரீஸ் எரிந்துபோவதால், அதைத் திறந்து மறுபடி மறுபடி கிரீஸ் அடைத்துக்கொண்டார்கள். தனிக் குண்டுகள் கிண்ணத்துக்கும் கூம்புக்கும் நடுவே ஓடும் ஷிமானோவின் கப்–கோன் ஹப்பை இன்றும் அப்படித் திறந்து பேணலாம், இறுக்கத்தைக் கையால் சரிசெய்யலாம். பக்கச்சுமையை ஏற்கும் வடிவமும் அதற்கு உண்டு. ஆனால் கவனிக்காமல் விட்டுக் கப்பில் குழி விழுந்தால் பெரும்பாலும் ஹப்பே போய்விடும். சேற்றில் ஓட்டி, கழற்றிப் பார்க்க நேரமில்லாதவருக்கு, இதுவரை சொன்ன மூடிய கார்ட்ரிட்ஜ் பேரிங்தான் ஏற்றது.

ஏபெக் எண் அளவுத் துல்லியத்தை மட்டும் சொல்கிறது. சீலைப் பற்றியோ கிரீஸைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது. செராமிக் குண்டு துருப்பிடிக்காது, ஆனால் அது ஓடும் எஃகு வளையம் துருப்பிடிக்கும். இரண்டுக்கும் கொடுக்கும் பணம் வீண். உரசும் சீல் உள்ள சாதாரண எஃகு பேரிங்கை வாங்கி, சீலைத் திறந்து கூடுதலாகக் கிரீஸ் நிரப்புங்கள். நீர் புகாமலே ஒரே பக்கத்துப் பேரிங் இரண்டாம் முறையும் போனால் மூன்றாவதை வாங்காதீர்கள். உத்தரவாதக் காலத்துக்குள் ஹப்பையே மாற்றித் தரும்படி தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.