மின்வெட்டுக் காலத்தில் ஆலைப் பொறியியல் குழு: ராஜபாளையமும் கட்டுநாயக்கவும்

மின்தட்டுப்பாட்டில் ஆலைப் பொறியியல் குழுவை நடத்தும் முறை, பற்றாக்குறையின் அளவும் நேரமும் முன்கூட்டித் தெரிகிறதா என்பதைப் பொறுத்து மாறுகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார நூற்பாலைகளும் இலங்கையின் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

ராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். நூற்பாலை மூன்று ஷிப்டும் ஓடுவது. திடீரெனக் கரண்ட் போனால் ரிங் ஃப்ரேமில் நூல் அறும். மீண்டும் ஓட்டும்போது அறுந்த கதிர்களில் ஒவ்வொன்றாக இழையைப் பிணைக்க வேண்டும். ஈரப்பதம் காக்கும் இயந்திரமும் நின்றிருந்தால் நூல் மேலும் அறும்.

2008 நவம்பரில் தமிழகத்தில் உயரழுத்த மின்நுகர்வோருக்குக் கட்டுப்பாடு வந்தது. 2012இல் 40 சதவீத வெட்டு இருந்தது. மாலை 6 முதல் 10 வரை கெடுபிடி இன்னும் அதிகம். கட்டுப்பாடு 2015 ஜூனில் நீங்கியது. இத்தகைய வெட்டில் தலைமைப் பொறியாளரின் முதல் வேலை அட்டவணை போடுவது: எந்த ஃப்ரேமை நிறுத்துவது, எதை ஜெனரேட்டரில் ஓட்டுவது, எந்தப் பராமரிப்பை மாலை நேரத்துக்குத் தள்ளுவது என்று ஃபிட்டருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் முன்னதாகவே சொல்லிவிடலாம். நீண்டகாலத் தீர்வு காற்றாலை. மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுக் காலத்து உபரி மின்சாரத்தை மின்வாரியத்திடம் வரவு வைத்து, பின்னர் எடுத்துக்கொள்ளும் வசதி அதற்குத் துணைநின்றது.

இலங்கையில் நெருக்கடி சில மாதங்களே உச்சத்தில் இருந்தது. ஆனால் எல்லாம் ஒரேயடியாக வந்தது. 2022 மார்ச் 31இல் மின்வெட்டு 13 மணி நேரத்தை எட்டியது. தையல் இயந்திரங்களுக்கு நூற்பாலை அளவு மின்சாரம் வேண்டியதில்லை, ஜெனரேட்டர் தாங்கும். ஆனால் அதற்கு டீசல் வேண்டும். ஜூன் இறுதியில் எரிபொருள் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும் என்றானது. தொழிலாளரை ஏற்றிவரும் பஸ்ஸும் அதே டீசலில்தான் ஓடும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் உதிரிபாக இறக்குமதியும் சிக்கலானது. எந்த வரிசையை ஓட்டுவது, யாரை வரச் சொல்வது, எந்த உதிரிபாகத்தைச் சேமிப்பது என்பவை அன்றாட முடிவுகளாயின. 2022இல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றதால் திறமையானவர்களைத் தக்கவைப்பதும் தலைமையின் கவலையானது.

ஆக, ராஜபாளையத்தில் கைகொடுத்தவை திட்டமும் முதலீடும். கட்டுநாயக்கவில் நிலைமையை ஒளிக்காமல் சொல்வதும், ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் அந்த வேலையைப் பார்க்கும்படி பழக்கிவைப்பதும் அவற்றைவிட முக்கியமாயின.