தாத்தா பெயரில் அப்பத்தாவின் புத்தகங்கள்

அருப்புக்கோட்டை வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் இருந்த எல்லாப் புத்தகங்களிலும் தாத்தாவின் பெயர்தான் ஊதா மையில் எழுதியிருந்தது. அதனால் வீட்டில் அவற்றைத் ‘தாத்தா புத்தகம்’ என்றே சொல்லிவந்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு வகை. பஞ்சாங்கங்கள், ஒரு கைவல்லிய நவநீதம், சில ஜோதிட நூல்கள்: தாள் பழுத்திருக்கிறது, முனை மடங்கவில்லை. மற்றவை அட்டையிலேயே ‘பெரிய எழுத்து’ என்று போட்ட கதைப்பாடல்கள். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, நல்லதங்காள் கதை. இவை அட்டை கிழிந்து, முதுகு பிய்ந்து, தறிநூலால் தைக்கப்பட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறையோடு இருக்கின்றன. வாங்கியவர் தாத்தாவாக இருக்கலாம். தைத்ததும் வாசித்ததும் அப்பத்தா.

இந்தப் புத்தகங்களை இலக்கிய வரலாறு வெகுகாலம் திண்ணைக்கு வெளியிலேயே நிறுத்திவைத்தது. சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போன்றவர்கள் மலிவான தாளில் அச்சிட்டு, சந்தையிலும் திருவிழாவிலும் விற்றவை இவை. ஆசிரியர் பெயர் புகழேந்திப் புலவர் என்றிருக்கும். நளவெண்பா பாடியவர் இவற்றை எழுதவில்லை என்பதை அறிஞர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் இத்தகைய அச்சுகளையும் சேர்த்துவைத்திருக்காவிட்டால் பல தலைப்புகள் இன்று பெயரளவில்கூட மிஞ்சியிருக்காது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ குஜிலி வெளியீடுகளை ஆய்வுக்குரிய பொருளாக்கியது. ஆனால் முச்சந்தி ஆண்கள் நிற்கிற இடம். அங்கே விலைக்கு வாங்கியது அடுப்படிக்கும் தறிக்குழிக்கும் வந்த பிறகு அதற்கு என்ன ஆனது என்பதைப் பெண்கள் பக்கமிருந்து இன்னும் எழுதவேண்டியிருக்கிறது.

‘பெரிய எழுத்து’ என்பதை முதலில் எழுத்தாகவே பார்க்கவேண்டும். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒருத்தி, எழுத்துக் கூட்டி, சிம்னி விளக்கில் வாசிக்கத் தக்க அளவு அது. தெரிந்த ராகத்தில் போகும் வரி, தடுக்கிய இடத்தில் கையைப் பிடித்துத் தூக்கிவிடும். ஒருத்தி வாசித்தால் நாலு பேர் கேட்கலாம். கேட்டுக்கொண்டே ராட்டை சுற்றலாம். நம் பாடப்புத்தகங்கள் வாசகி என்றதும் தனியறையில் தனியாகப் படிப்பவளையே காட்டுகின்றன. தனியறை என்ன, தனிப்பாய்கூட இல்லாதவர்களும் வாசித்திருக்கிறார்கள்.

அல்லியைப் பற்றிக் கொஞ்சம். மதுரையை ஆண்ட பெண், ஆணை அண்டவிடாதவள் என்று பாதிப் புத்தகம் அவளைக் கொண்டாடுகிறது. பிறகு கண்ணன் பாம்பாட்டியாகவும் அர்ச்சுனன் பாம்பாகவும் வந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டப்படுகிறது. நம் சொல்லில் அதன் பெயர் வேறு. பாட்டு அதைக் கல்யாணம் என்கிறது. இருந்தும் ஊர்ப்பக்கம் ‘அல்லி ராஜ்யம்’ என்று ஏசும்போது நிலைத்திருப்பது அவளுடைய ஆட்சிதான், தாலி அல்ல.

எனக்கு விடாமல் உறுத்துவது நல்லதங்காள். அது எங்கள் நிலத்துக் கதை. மானாமதுரையில் வாக்கப்பட்டவள், பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பியின் அர்ச்சுனாபுரத்துக்கு நடக்கிறாள். அந்த ஊர் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. அவளுக்குக் கோயிலும் உண்டு. மானாமதுரையிலிருந்து அங்கே மேற்காக ஒரு கோடு இழுத்தால் அது எங்கள் பக்கமாகத்தான் போகும். பாட்டு அதை ‘வனம்’ என்று தாண்டிவிடுகிறது. எங்களுக்கு அது வனமல்ல. மானாவாரிக் கம்பும் பருத்தியும் விளைகிற, குண்டாற்றில் மணல் மட்டும் ஓடுகிற, கண்மாய் வெடித்துக் கிடக்கிற பொட்டல். வறண்ட மண்ணில் வாக்கப்பட்டவள் தண்ணீர் உள்ள பிறந்த மண்ணுக்குப் போகிறாள். தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) பாட்டிமார் வாய்வழியாக அறிந்திருந்த வீடுகளில் இதைப் புராணமாகக் கேட்டிருக்க முடியாது.

அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். மதினி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள், பிறகு மக்கிய கேழ்வரகைக் கொடுக்கிறாள், பிள்ளைகளின் பசி ஆறவில்லை. முடிவு கிணறு. அண்ணன் திரும்பி வந்து அழுகிறான், மனைவியைத் தண்டிக்கிறான். நாடகமும் சினிமாவும் இதை அண்ணன் தங்கைப் பாசக் கதையாகவே சொல்லிவந்தன.

என் வாசிப்பில் பாசம்தான் இந்தக் கதையின் கோளாறு. அர்ச்சுனாபுரத்து நெல்லில் தங்கைக்கு ஒரு படிகூடச் சொந்தமில்லை. இருப்பது அண்ணனின் அன்பு மட்டும்; அவன் வீட்டில் இல்லாத நாளில் அதுவும் இல்லை. களஞ்சியத்துக்கு உடையவன் நல்லவனாகவே கதை முழுக்க இருக்கிறான். சாவியைச் சுமக்கிறவள் கொலைகாரியாகிறாள். அவள் பெயருக்கு முன்னால் ‘மூளி’ என்று வசவையே ஒட்டிவைத்திருக்கிறது பாட்டு. இரண்டு பெண்களும் அந்த வீட்டில் உரிமையில்லாதவர்கள் என்பதை மறைக்க ஒருத்தியைக் கும்பிடுகிறோம், ஒருத்தியைக் காறித் துப்புகிறோம்.

எங்கள் பிரதியில் கேழ்வரகுப் பக்கங்கள்தான் மிகவும் கறைபட்டவை. அண்ணன் திரும்பி வந்து நியாயம் தீர்க்கும் கடைசிப் பக்கங்கள் புதிதுபோல் இருக்கின்றன. அத்தையிடம் கேட்டேன். “அது வரைக்கும் எங்க வாசிச்சாக? கிணத்தோட மூடி வச்சிருவாக. ‘அவன் வந்து என்னத்தக் கிழிக்கப் போறான்’னு சொல்லுவாக” என்றார். அப்பத்தா நாலு அண்ணன்மாரோடு பிறந்தவர், மூன்று நாத்தனாருக்கு மதினி. நல்லதங்காளாகவும் மூளியாகவும் இருந்து பார்த்தவரின் இந்த ஒருவரி விமர்சனத்துக்கு நான் படித்த கட்டுரைகளில் நிகரில்லை.

1989-இல் தமிழ்நாடு அரசு வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்கும் பூர்விகச் சொத்தில் பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கிவைத்தது. 2005-இல் மத்தியச் சட்டம் வந்து அந்தத் தடையையும் நீக்கியது. சட்டம் இப்படி மாறிய பிறகும் எங்கள் பக்கம் பத்திர ஆபீசுக்குப் பெண்கள் அதிகம் போவது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத்தான். பங்கு கேட்டால் அண்ணன் வாசல் அடைபடும், தாய்மாமன் சீர் நின்றுபோகும் என்ற பயம். திருச்சுழி பக்கத்து அரை ஏக்கர் கரிசலுக்கு மூன்று வருஷத்துக்கு முன் அத்தையும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார். பதிலுக்கு ஒரு பட்டுச்சேலை வந்தது. பிள்ளைகளோடு ஒரு தாய் கிணற்றில் விழுந்தாள் என்று செய்தி வரும்போதெல்லாம் ‘குடும்பத் தகராறு’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவள் பிறந்த வீட்டில் அவளுக்கு என்ன இருந்தது என்று எந்தச் செய்தியிலும் எழுதுவதில்லை.

நல்லதங்காள் கதையை இப்போது நான் வைத்திருக்கிறேன். மற்றவற்றைச் சித்தப்பா மகன் எடுத்துக்கொண்டான், தாத்தா பெயர் போட்டிருப்பதால்.